சகாயம் நின்ற இடம்

கத்துவதற்குக்கூட ஒரு டீச்சர் வேண்டுமா என்று பரிமேலழகனின் மனைவி கேட்டாள். வேண்டும் என்றான். ஹெவி மெட்டல் பாட்டில் தொண்டை கிழிகிற மாதிரிக் கத்த வேண்டும். ஆனால் தொண்டை கிழிந்துவிடக் கூடாது. அதைச் சொல்லிக் கொடுக்கச் சென்னையில் அவனுக்குத் தெரிந்து ஒருவர்தான் இருந்தார். பெரம்பூரில் ஒரு தையல் கடைக்கு மேலே, சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறையில் வகுப்பு எடுத்த கிளாரிந்தா.

பரிக்கு வயது முப்பத்தொன்பது. கூரியர் கம்பெனியில் சூப்பர்வைசர். கிளாரிந்தா அவனைவிட ஐந்தாறு வயது சின்னவர். இருந்தாலும் மிஸ் என்றுதான் கூப்பிடுவான்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் சகாயம் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனான். 'துரு' என்ற குழுவின் பாடகன். தமிழில் மெட்டல் எடுபடாது என்று சொன்னவர்களையெல்லாம் வாயடைக்க வைத்தவன். அவனும் கிளாரிந்தாவிடம் படித்தவன்தான். துரு எங்கே வாசித்தாலும் பரி முதல் வரிசைக்குப் போய்விடுவான். இரும்புத் தடுப்பில் வயிறு அழுந்த நின்று, சகாயம், சகாயம் என்று அவன் பெயரைக் கத்துவான். பக்கத்தில் நிற்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

அடக்கத்துக்கும் போனான். எல்லாரும் அழுதார்கள். பரிக்கு ஒன்றும் வரவில்லை. வண்டியை எங்கே நிறுத்தினோம் என்ற யோசனையாகவே இருந்தது.

பத்து நாள் கழித்து, துருவின் டிரம்மர் இம்ரான் கூரியர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"துரு நின்னுடக் கூடாது பரி. எல்லாப் பாட்டும் உனக்கு மனப்பாடம். நீ பாடு."

பரி உடனே சரி என்றுவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று.

"மிஸ், ஒரு சந்தேகம்" என்றான் வகுப்பில். "ஏசி/டிசிங்கற ராக் குழுவோட பாடகர் செத்தது எம்பதாம் வருஷம். அஞ்சே மாசத்துல வேற ஆளை வெச்சு ஆல்பம் போட்டாங்க. அட்டை முழுக்கக் கறுப்பு. உலகமே வாங்குச்சு."

"தெரியும்."

"அதே எம்பதுல லெட் செப்பலினோட டிரம்மர் செத்தார். அவர் இல்லாம நாங்க இல்லைன்னு குழுவையே கலைச்சுட்டாங்க. ரெண்டு குழுவுமே பெரிய ஆளுங்க. ரெண்டு பேருமே செத்தவங்க மேல உசுரா இருந்தவங்க. இதுல எது சரி?"

கிளாரிந்தா எழுந்து மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

"அவங்கள்ல யாராவது உங்களைக் கேட்டாங்களா?"

"இல்லை."

"அப்போ மூச்சுப் பயிற்சிக்கு வாங்க பரி சார்."

அவன் மூச்சை இழுத்தான், விட்டான். சந்தேகம் மட்டும் உள்ளேயே இருந்தது.

அடுத்த வாரம் வேறொன்றைக் கொண்டுவந்தான். ஒரு குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் பஸ் கவிழ்ந்து இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்தவரின் வாசிப்பு அடுத்த ஆல்பத்தில் காதிலேயே விழாது. எத்தனை தடவை போட்டுக் கேட்டாலும் அந்த ஆள் அங்கே இருந்த மாதிரியே தெரியாது.

"எனக்கும் அப்படி ஆயிடுமோன்னு பயமா இருக்கு மிஸ். சகாயம் மாதிரிப் பாடினா நான் திருடன். என் மாதிரிப் பாடினா அடிக்க வருவாங்க. பேசாம அவனோட குரலையே சொல்லிக் குடுத்துடுங்க. நீங்கதானே அவனுக்குக் கத்துக் குடுத்தீங்க?"

"அது என்கிட்ட இல்லை."

"யார்கிட்ட இருக்கு?"

"அவன் எடுத்துட்டுப் போயிட்டான்."

கீழே தையல் மெஷின் ஓடி நின்றது. கிளாரிந்தா ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"முதல் வரிசையில நின்னு கத்துவீங்களே, எனக்கு ஒரு தடவை கத்திக் காட்டுங்க."

"என்னன்னு?"

"அவன் பேரைத்தான்."

இது என்ன பாடம் என்று பரிக்குப் புரியவில்லை. இருந்தாலும் எழுந்து நின்றான். வயிற்றை இறுக்கி மூச்சை நிரப்பி வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. இருமினான். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி திறந்தான். அப்போதும் காற்றுதான் வந்தது. மூன்று நிமிஷப் பாட்டை மூச்சுவிடாமல் கத்துகிறவனுக்கு ஒரு பெயர் வரவில்லை.

"இது என்ன மிஸ், என்னமோ மாதிரி இருக்கு" என்றான் கோபமாக. "நான் பாட்டுக் கத்துக்கத்தானே வந்தேன்?"

"ஆமா."

"அப்போ ஏன் இதெல்லாம்?"

"இன்னிக்குப் பாடம் போதும்" என்றார் கிளாரிந்தா.

படியிறங்கும்போது, டீச்சரை மாற்றிவிடலாமா என்று யோசித்தான். மாற்ற வேறு டீச்சர் இல்லை.

டிசம்பரில், தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் கச்சேரி. முதல்நாள் பெய்த மழையில் தரையெல்லாம் சேறு. வெயில் இறங்கியும் இறங்காமலும் இருக்கும்போதே தடுப்பு வரைக்கும் கூட்டம். முக்கால்வாசிப் பேர் சகாயத்தின் முகம் போட்ட பனியன் அணிந்திருந்தார்கள். பரி மேடையேறியபோது அத்தனை சகாயங்களும் அவனைப் பார்த்தார்கள். வழக்கமாக அவன் நிற்கிற இடத்தில், தடுப்பை ஒட்டி, யாரோ ஒரு பெண் நின்றிருந்தாள்.

முதல் பாட்டைச் சகாயத்தின் குரலில் பாடினான். வாரக்கணக்கில் தனியாகப் பழகியது. அச்சு அசலாக வந்தது. முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை.

"மிமிக்ரியா பண்றே?" என்று ஒரு குரல் கேட்டது. சிலர் சிரித்தார்கள்.

இரண்டாவது பாட்டைத் தன் குரலில் பாடினான். பாதியில் ஒரு தண்ணீர் பாட்டில் அவன் காலடியில் வந்து விழுந்தது. இன்னொன்று தோளில் பட்டது. பின்வரிசையில் யாரோ ஆரம்பித்தார்கள். "சகாயம்!" நாலு பேர் சேர்ந்தார்கள். பிறகு நானூறு பேர். "சகாயம்! சகாயம்!"

இம்ரான் வாசிப்பதை நிறுத்திவிட்டான். கிட்டார்களும் நின்றன.

பரி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். இறங்கிப் போய்விடலாமா? மன்னிப்புக் கேட்கலாமா? அடுத்த பாட்டைத் தொடங்கலாமா? எதற்கும் கால் நகரவில்லை. கீழே அத்தனை வாய்களும் திறந்து திறந்து மூடின. அதில் ஒரு வாய் தன்னுடையது இல்லையே என்று அவனுக்கு ஏனோ தோன்றியது. துரு வாசித்த எந்த மேடைக்கு முன்னாலும் அவன் இப்படி வாயை மூடிக்கொண்டு நின்றதே இல்லை.

"சகாயம்!" என்று கத்தினான்.

எதற்காகக் கத்தினான் என்று பிறகு கேட்டபோது அவனால் சொல்ல முடியவில்லை. செத்துப்போனவனைக் கூப்பிட்டானா, யாராவது உதவிக்கு வாருங்கள் என்று கெஞ்சினானா, அவனுக்கே தெரியாது. மைக்கில் அது மைதானத்தின் கடைசிச் சுவர் வரை போய் மோதித் திரும்பியது. கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பரி மறுபடி கத்தினான். மூச்சு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. படித்த பாடம் எதுவும் நினைவில் இல்லை. மூக்கு ஒழுகியது, கண் மறைத்தது. கூட்டம் அவனோடு சேர்ந்துகொண்டது. இம்ரான் அந்தப் பெயருக்குத் தாளமாகப் பெரிய டிரம்மின் பெடலை மிதிக்க ஆரம்பித்தான். தடுப்பை ஒட்டி நின்ற பெண் முகத்தை மூடிக்கொண்டு கத்தினாள்.

எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. தானாகவே ஓய்ந்தது. அந்த அமைதியில் இம்ரான் குச்சிகளை ஒன்றோடொன்று தட்டினான். மூன்றாவது பாட்டு தொடங்கியது. அதற்குப் பிறகு தண்ணீர் பாட்டில் எதுவும் பறந்து வரவில்லை. சிலர் கிளம்பிப் போனார்கள். நிறையப் பேர் கடைசிவரை நின்றார்கள்.

முடிந்ததும் பரி மேடைக்குப் பின்னால் இறங்கினான். ஸ்பீக்கர் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்தபடி கிளாரிந்தா நின்றிருந்தார். அவர் வருவார் என்று பரி நினைக்கவே இல்லை.

அருகில் போய் நின்றான். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுக் கேட்டான்.

"மிஸ், மூணாவது பாட்டுல இருந்து எனக்கே ஒண்ணும் புரியலை. அது அவன் குரலா, என் குரலா?"

கிளாரிந்தா வாயைத் திறந்தார். உடனே சத்தம் வரவில்லை. வந்தபோது அது உடைந்து, பாதி காற்றாக வந்தது.

"எனக்குக் கேக்கலை பரி. நானும் கத்திட்டிருந்தேன்."