ஒரே ஒரு எண்ணை மாற்றிய குரங்கு

மலைக்குகை ஒன்றில் ஓர் ஆமையும் ஒரு குரங்கும் ஆன்லைன் கேம் நடத்திவந்தன. கேமின் பெயர் ‘கோட்டைக்காடு’. காட்டு விலங்குகள் எல்லாம் அதில் கல்மேல் கல் வைத்துக் கோட்டை கட்டும்.

குகையில் இரண்டு சர்வர்கள் இருந்தன. ஒன்று விளையாட, மற்றது சோதித்துப் பார்க்க. சர்வர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் செட்டிங்ஸ் ஃபைல் இரண்டிலும் தனித்தனியாக உண்டு. அதில் எதை மாற்றினாலும் ஒருவர் வரிவரியாக வாசிக்க, மற்றவர் கேட்டுத் தலையாட்ட வேண்டும். பிறகு கோட்டைகளை நகலெடுத்து வைக்க வேண்டும். இது ஆமை கொண்டுவந்த வழக்கம். குரங்குக்கு அது வேப்பங்காயாகக் கசந்தது!

அன்று அழகான கோட்டையைத் தேர்ந்தெடுக்கும் மழைத் திருவிழாப் போட்டி. அடிபட்ட காலோடு வளைக்குள் முடங்கிக் கிடந்த முள்ளம்பன்றி, மூன்று மாதமாக அறுபது அறைக் கோட்டை கட்டியிருந்தது.

“நான்தான் எங்கயும் போக முடியல. இன்னைக்கு எல்லாரும் என் வீட்டுக்கு வரப் போறாங்க!” என்று பூரித்துப்போனது.

ஆனால் ஒரே நேரத்தில் நூறு பேர்தான் கேமுக்குள் நுழையலாம் என்றது ஃபைல். அதை ஐந்நூறு ஆக்க வேண்டும். குரங்கு சோதனை சர்வரில் மாற்றிப் பார்த்தது. அருமையாக ஓடியது.

“ஆமையண்ணன் குளத்துலேர்ந்து ஏறி வர்றதுக்குள்ள திருவிழாவே முடிஞ்சிடும். ஒரே ஒரு எண்தானே!”

சோதனை ஃபைலை அப்படியே தூக்கி விளையாட்டு சர்வரில் போட்டு, ரீஸ்டார்ட் செய்தது.

கேமின் கதவு திறந்தது. கோட்டை இல்லை! மதில் இல்லை! வெறும் செம்மண் தரை!

“ஐயோ, என் மதிலு எங்க?” என்று முயல் அலறியது.

“என் கோபுரத்தக் காணோமே!” என்று மயில் கத்தியது.

முள்ளம்பன்றி தன் வளைக்குள் முட்கள் குத்திட்டு நிற்க, திரையையே பார்த்தபடி இருந்தது.

ஆமை மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

“என்னடா மாத்தின?”

“ஒரே ஒரு எண்தான் அண்ணே! சத்தியமா!”

“மாத்தினது ஒரு எண்ணு. தூக்கிப் போட்டது எத்தன வரி?”

குரங்கு அப்போதுதான் ஃபைலைத் திறந்து பார்த்தது. இருநூறு வரிகள்! நாற்பதாவது வரி சொன்னது: ‘ரீஸ்டார்ட் ஆகும்போது எல்லாக் கோட்டைகளையும் அழி.’ சோதனைக்கென்று ஆமை எழுதிவைத்த வரி அது.

“நகலாவது எடுத்தியா?”

“நீங்க வரலையேண்ணே...”

முந்தைய மாற்றத்தின்போது எடுத்த நகல்தான் இருந்தது. நான்கு மாதம் பழையது. அதையே போட்டன. முயலுக்குப் பாதி மதில் திரும்பியது. மயிலுக்கு அடித்தளம் கிடைத்தது.

“என் இடத்துல ஒரு கல்லாவது இருக்கா?” என்று முள்ளம்பன்றி திரை வழியே மெல்லக் கேட்டது.

“இல்லக்கா” என்றது குரங்கு.

பிறர் உழைப்பு நம் கையில் இருக்கும்போது, சின்ன மாற்றம்தானே என்று சரிபார்க்காமல் எதையும் செய்யக் கூடாது.