நரி தைத்த இலைப்பை

டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. அல்லிக்குளத்துக் கரையில், பூவரச மரத்தடியில், இருபத்து மூன்று பேர் கூடியிருந்தார்கள். செங்கமலம் என்ற தையல்சிட்டு தன் நாற்பத்தொன்பதாவது கைவேலையைத் தாழ்ந்த கிளையில் தொங்கவிட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வருஷத்தோட இதை நிறுத்திக்கப் போறேன்!" என்றது.

எல்லோரும் "அடடா!" என்றார்கள். ஒருவருக்கு மட்டும் பிழைப்பே போனதுபோல இருந்தது. அது காத்தமுத்து என்ற நரி.

ஜனவரியில் ஆரம்பித்த வழக்கம் அது. வெள்ளிக்கிழமைதோறும் செங்கமலம் இலையில் ஏதாவது தைத்துத் தொங்கவிடும். ஒரு வாரம் தொப்பி, ஒரு வாரம் குடை, ஒரு வாரம் தொட்டில். எப்படித் தைத்தோம் என்பதை முடிச்சு முடிச்சாக விளக்கும். பிடித்தவர்கள் மரத்தடி ஈரமண்ணில் ஒரு கால்தடம் பதித்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் செங்கமலம் இறங்கி வந்து தடங்களை எண்ணும். அன்று முழுக்க அதன் வால் நிமிர்ந்தே இருக்கும்.

காத்தமுத்துவுக்குத் தையலும் தெரியாது, இலையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். முடிச்சுப் போடும்போது கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்க்கும். கலையும்போது யாராவது ஒருவர், "ரெண்டு குத்து, ஒரு சுத்து" என்று முணுமுணுத்துக்கொண்டு கடைசியாகப் போவார். அந்தக் கடைசி ஆள்தான் காத்தமுத்துவின் ஆள்.

பின்னங்கால் ஊனமான நரி அது. திறந்த வெளியில் ஓடிப் பிடிக்க முடியாது. பூவரச மரத்தடிதான் அதற்குப் பிழைப்பு. ஆண்டு முழுவதும் எலியும் கௌதாரியுமாகப் பதினொன்று கிடைத்திருந்தது.

நரி பக்கத்தில் உட்கார யார்தான் சம்மதிப்பார்கள்? முதல் வாரமே காத்தமுத்து எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்திருந்தது. "வெள்ளிக்கிழமை நான் சுத்த விரதம்! இலந்தைப் பழமும் தண்ணியும்தான்!"

அதில் பொய் இல்லை. வெள்ளிக்கிழமை காத்தமுத்து எதையும் தின்றதே கிடையாது. வெள்ளிக்கிழமை பிடிக்கும், சனிக்கிழமை தின்னும்.

கூட்டம் கலைந்ததும் நரி கிளைக்குக் கீழே போய் நின்றது. கண்ணைக் கசக்கிக்கொண்டது.

"ஏம்மா செங்கமலம், நாங்க என்ன குறை வச்சோம்?"

"குறை ஒண்ணும் இல்லண்ணே. தை மாசம் முட்டை இடணும். இன்னும் கூடு தைக்கல. ஊருக்கெல்லாம் தொப்பி தைக்கிறவளுக்கு வீட்டுக்கு ஒரு கூடு தைக்க நேரமில்லையான்னு கேட்டுட்டு, எங்க வீட்டுக்காரர் மூணு நாளா பேசல."

"மாசத்துக்கு ஒரு தடவை வைக்கலாமே!"

"முடியாதுண்ணே."

"பழசையே திருப்பித் தொங்க விட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"அது ஏமாத்து வேலை!"

அந்தச் சொல்லைக் கேட்டதும் நரிக்கு இருமல் வந்தது. இருமி முடிப்பதற்குள் செங்கமலம் ஒரு கிளை கீழே இறங்கிவிட்டது.

"வாரம் தவறாம 'அருமை! அருமை! தொடருங்கள்!'னு நீங்கதாண்ணே சொல்லுவீங்க. போகிற நேரத்துல கேக்குறேன். இத்தனையில உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

காத்தமுத்து இத்தனை வாரமும் ஒரு முறைகூட மேலே பார்த்ததில்லை. அதன் வேலை கீழே இருந்தது.

"அந்த... பச்சையா இருந்ததே... அதும்மா."

எல்லாமே பச்சையாகத்தான் இருந்தன.

"பதினேழாவது வாரத்துத் தொட்டில்தானே!" என்று செங்கமலம் துள்ளியது. "எனக்கும் அதுதாண்ணே! உங்களுக்குத்தான் ரசனை இருக்கு. ஒண்ணு செய்யுங்க. ஜனவரியிலிருந்து நீங்களே நடத்துங்க! நான் கத்துத் தர்றேன்!"

மறுக்கத்தான் நரி வாயைத் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு யோசித்தது. அதே மரம், அதே வெள்ளிக்கிழமை, அதே கூட்டம். கிளையில் எதையாவது தொங்கவிட்டால் போதும், எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

"உனக்காகச் செய்யறேம்மா!" என்றது காத்தமுத்து.

பயிற்சி மறுநாளே ஆரம்பித்தது. கருவேல முள்தான் ஊசி, கற்றாழை நார்தான் நூல். முள்ளைப் பல்லில் கடித்துக்கொண்டு, இலையை முன்னங்காலால் மிதித்துக்கொண்டு தைக்கவேண்டும். முதல் நாள் காத்தமுத்து இலையோடு சேர்த்துத் தன் மீசையையும் தைத்துக்கொண்டது.

"அண்ணே, இழுக்காதீங்க!" என்றது செங்கமலம்.

காத்தமுத்து இழுத்தது. குளத்தில் இருந்த கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன.

இரண்டாம் வாரம் மூக்கு வீங்கியது. மூன்றாம் வாரம் ஒரு இலை முழுசாக, கிழியாமல், இரண்டாக மடிந்து நின்றது. நரி அதைச் சுற்றி மூன்று தரம் நடந்து பார்த்தது. அந்த மாதம் முழுக்க யாரையும் பிடிக்கவில்லை. மூக்கு வீக்கம்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

டிசம்பர் 26, கடைசி வெள்ளி. செங்கமலம் ஒரே ஒரு இலையைத் தொங்கவிட்டது. பாதிதான் தைத்திருந்தது.

"மீதி எங்கே?" என்று கேட்டது மாடத்தி என்ற கௌதாரி. எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடும் கௌதாரி அது.

"மீதியை வீட்டுல தைப்பேன். இது எனக்கு!" என்றது செங்கமலம்.

பிறகு ஆண்டு முழுவதும் வந்தவர்களுக்கெல்லாம் பேர் சொல்லி நன்றி சொன்னது. முப்பத்து நான்கு பேரைக் கூப்பிட்டது. இருபத்து மூன்று பேர் "இருக்கேன்!" என்றார்கள். பதினொரு பேரைக் கூப்பிட்டதற்குப் பதிலே இல்லை.

செங்கமலம் பெருமூச்சு விட்டது. "என்ன செய்யறது? சில பேருக்கு நடுவுலேயே ஆர்வம் குறைஞ்சு போச்சு."

காத்தமுத்து வானத்தைப் பார்த்தது. மேகம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வெகுநேரம் பார்த்தது.

ஜனவரி 2, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. இருபத்திரண்டு பேர் வந்துவிட்டார்கள். காத்தமுத்து பின்னங்காலில் நின்று, தாழ்ந்த கிளையில் தன் முதல் இலைப்பையைத் தொங்கவிட்டது. இரண்டு ராத்திரி தூங்காமல் தைத்த பை. ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. வாய் இருக்கவேண்டிய பக்கம் வாயே இல்லை.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நரி எதிர்பார்த்ததும் அதைத்தான். ஆனால் அது கூட்டத்தின் முதுகுப் பக்கம் போகவில்லை. முன்னாலேயே நின்று முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என்னண்ணே, மாடு மென்னு துப்பினதா?" என்றது மாடத்தி.

கூட்டம் சிரித்தது. தவளைகள் குளத்துக்குள் போய்ச் சிரித்தன. விளக்கம் கேட்க யாரும் நிற்கவில்லை. கால்தடமும் விழவில்லை.

காத்தமுத்துவுக்குக் காது வரைக்கும் சூடேறியது. 'சிரிக்கிறீங்களா? இருங்க! கடைசியாப் போறது யாரு?' என்று திரும்பிப் பார்த்தது.

பஞ்சவர்ணம் என்ற முயல் மட்டும் நின்றுகொண்டிருந்தது. பேர்தான் பஞ்சவர்ணம். உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம். கொழுகொழுவென்று இருந்தது. நரி உடம்பைத் தாழ்த்தியது. பின்னங்காலை ஊன்றியது. இன்னும் ஒரு பாய்ச்சல்தான்!

"அண்ணே," என்றது முயல், கிளையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பை கோணலாத்தான் இருக்கு. ஆனா அந்த மூணாவது முடிச்சு இருக்கே, அது நல்லா விழுந்திருக்கு."

பாயப் போன நரி பாதியில் நின்றது.

"எது?"

"அதோ, காம்புக்குப் பக்கத்துல."

"ஓ, அதுவா!" என்று காத்தமுத்து எழுந்து கிளைக்கடியில் ஓடியது. "அதைத்தான் நாலு தடவை பிரிச்சுப் பிரிச்சுப் போட்டேன்! நாரை நனைச்சுக்கணும். நனைக்காம இழுத்தா அறுந்துடும். முதல்ல ஒரு சுத்து. அப்புறம் இப்படி உள்ளே விட்டு... பாக்குறியா? சரியாப் பாரு!"

முயல் பார்த்தது. நரி அரை மணி நேரம் பேசியது. முயல் இரண்டு முறை கொட்டாவி விட்டது. நரி கவனிக்கவில்லை.

"சரிண்ணே, அடுத்த வெள்ளி வர்றேன்," என்று முயல் ஈரமண்ணில் ஒரு கால்தடம் பதித்துவிட்டுத் தாவிப் போயிற்று.

காத்தமுத்து குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தது. மோந்து பார்த்தது. அது காய்ந்துவிடாமல் பக்கத்தில் ஒரு இலையை எடுத்து மூடியது. அதற்கப்புறம்தான் வயிறு இரைந்தது. "அடப்பாவி! முயல் போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டது. ஆனால் வால் என்னவோ நிமிர்ந்துதான் இருந்தது.

அடுத்த வெள்ளி பதினைந்து பேர். அதற்கடுத்த வெள்ளி ஒன்பது பேர். காத்தமுத்து ஒவ்வொரு தலையாக எண்ணியது.

'எலிக் கூட்டத்துல ரெண்டு குறையுதே! ஆர்வம் குறைஞ்சு போச்சா? இல்லே யாராவது தின்னுட்டாங்களா?'

தின்றிருப்பார்கள் என்று நினைக்கவே அதற்குப் பதறியது.

ஜனவரி 23 அன்று புதர் மறைவில் ஒரு காட்டுப்பூனை பதுங்கியிருந்ததைக் காத்தமுத்து பார்த்துவிட்டது. பேசிக்கொண்டிருந்த முடிச்சை அப்படியே விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே ஓடியது.

"போடா அப்பாலே! இவங்க என் ஆளுங்க!"

"ஏன், நீயே தின்னப் போறியா?" என்றது காட்டுப்பூனை.

"தின்னறதா? அவங்க தையல் பார்க்க வந்தவங்கடா!"

காட்டுப்பூனைக்கு இது புரியவில்லை. புரியாத கோபத்தில் நரியின் இடது காதைக் கிழித்துவிட்டுப் போயிற்று. அன்றிலிருந்து கூட்டம் முடிந்ததும் நரியே எல்லோரையும் வளை வரைக்கும், புதர் வரைக்கும் கொண்டுபோய் விட்டது.

கையில் கிடைத்த ஆளை விட்டுவிட்டால் வயிறு சும்மா இருக்குமா? குளத்து நண்டும் இலந்தைப் பழமும்தான் சாப்பாடு. வெள்ளிக்கிழமை விரதம் வாரம் முழுக்கப் பரவிவிட்டது. விலா எலும்பை எண்ணிவிடலாம் என்ற அளவுக்கு நரி இளைத்தது.

"உடம்பைப் பாருண்ணே, நிறுத்திடு!" என்றது மாடத்தி. அதற்கே பாவமாக இருந்தது.

"எப்படி நிறுத்துறது? பஞ்சவர்ணம் வருமே!" என்றது காத்தமுத்து.

மார்ச் 13 அன்று செங்கமலம் வந்தது. குஞ்சுகள் மூன்றும் நன்றாக வளர்ந்து பறந்துவிட்டன. உடம்பும் தேறியிருந்தது. இனிமேல் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு எழுந்திருக்கவேண்டியதில்லை என்பதே அதன் முகத்தில் தெரிந்தது.

காத்தமுத்து தன் பதினோராவது பையைத் தொங்கவிட்டது. இந்தப் பைக்கு வாய் ஒன்றுதான், அதுவும் சரியான இடத்தில் இருந்தது. செங்கமலத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"எப்படிம்மா இருக்கு?"

"அருமை! அருமை! தொடருங்கள்!" என்றது செங்கமலம்.

அதன் கண் கிளையில் இல்லை. பக்கத்து இலையில் நெளிந்துகொண்டிருந்த பச்சைப் புழுவில் இருந்தது.

அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று காட்டிலேயே காத்தமுத்துவுக்குத்தான் நன்றாகத் தெரியும். வாரம் தவறாமல் ஓர் ஆண்டு முழுக்க அதே தொனியில் சொன்ன வாய் அதனுடையது. நரி கிழிந்த காதைச் சொறிந்துகொண்டது.

பக்கத்தில் இருந்த பஞ்சவர்ணம் மட்டும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஏழாவது முடிச்சு தளர்வா இருக்குண்ணே. ஆனா அடிப்பக்கம் போன வாரத்தைவிட நல்லா இருக்கு," என்றது.

"தளர்வாவா? எங்கே? காட்டு!" என்று நரி துள்ளி எழுந்தது.

ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணிக்குக் காத்தமுத்து தன் பதினான்காவது இலைப்பையைத் தொங்கவிட்டது. நான்கு பேர் வந்தார்கள், நான்கு பேரும் பத்திரமாக வீடு திரும்பினார்கள்.

பொய்யாகப் புகழ்ந்து பிறரைப் பிடிக்கப் பார்ப்பவர், மனதாரச் சொன்ன ஒரே ஒரு நல்ல வார்த்தையில் தாமே அகப்பட்டுக்கொள்வார்.