கடலை விட்டுக் கண் எடுக்காத அலவன்

கேட்க அமர்ந்திருப்போரே, கதைக்கு முன்னால் உங்களிடம் ஒரு கேள்வி. "பயமில்லை, போ" என்று ஒருவருக்கு நீங்கள் சொன்ன சொல் தவறென்று தெரிந்த நாளில், அந்தச் சொல்லைத் திரும்பப் பெற எவ்வளவு தூரம் ஓடினீர்கள்? ஓடினீர்களா, அல்லது "அவர்களே தெரிந்துகொள்வார்கள்" என்று இருந்துவிட்டீர்களா? விடையை என்னிடம் சொல்ல வேண்டாம். உங்கள் நெஞ்சுக்குச் சொல்லிவிட்டு, இதைக் கேளுங்கள்.

அந்தக் காலத்தில், ஊர்வனவும் பறப்பனவும் ஒரே மொழியில் பேசி ஒரே கரையில் குடியிருந்த நாளில், நண்டு நேராகத்தான் நடந்தது. முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே கால்களும் போயின. அதன் கண்கள்கூட ஈர மண்ணில் அழுத்திய புளியங்கொட்டைகளைப் போல முகத்தோடு முகமாகப் பதிந்திருந்தன.

கீழைக் கடலோரத்தில் ஓர் ஆறு கடலில் கலக்கும் இடம். அங்கே நண்டுகளும் நீர்நாய்களும் வாழ்ந்தன. அதற்கு வடக்கே தாழங்காடு. அது நரிகளின் இடம். இன்னும் வடக்கே போனால் பரந்த புல்வெளி. அங்கே முயல்கள் குடியிருந்தன. மூன்று இடங்களுக்கும் பின்னால் உயரமான மணல்மேடுகள் இருந்தன. மழைக்காலம் தொடங்கினால் கடலுக்குக் காவல் வைப்பது அந்தக் கரையின் வழக்கம். மாதத்துக்கு ஒருவர் முறை. காவலுக்கு உரியவர் ஈர மணலில் அமர்ந்து கடலைப் பார்த்திருக்க வேண்டும். ஆபத்து தெரிந்தால் மூன்று குடிகளுக்கும் போய்ச் சொல்ல வேண்டும்.

நல்ல வழக்கம்தான். ஆனால் பல மழைக்காலங்கள் அமைதியாகக் கழிந்தன. அந்த அமைதியில் வழக்கம் வெறும் பெயராகிவிட்டது. கார்த்திகையில் காவல் இருந்த நாரை ஒற்றைக் காலில் நின்றபடியே உறங்கி மாதத்தை முடித்தது. ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. மார்கழி பிறந்தது. முறை அலவன் என்னும் நண்டுக்கு வந்தது.

தாழங்காட்டு நரிக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. "இந்த மாசம் கடலுக்குக் காவல் யாரு தெரியுமா? முதல் அலையிலேயே காணாமப் போறவன்," என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தது.

அலவன் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் மனமெல்லாம் மனைவி நள்ளியிடம் இருந்தது. நள்ளி அடிவயிற்றில் முட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தாள். அது அவர்களுடைய முதல் சூல்.

ஒரு காலையில் கடலாமை ஒன்று கரையேறியது. மணலில் பாதி தூரம் வந்தது, நின்றது, மறுபடியும் கடலை நோக்கித் திரும்பியது.

"என்னக்கா, முட்டையிட வந்துட்டுத் திரும்புறீங்க?" என்று அலவன் கேட்டான்.

"இந்த மணல்ல இப்போ இட்டா, எம் பிள்ளைங்க மணலோட போயிடும் தம்பி. தென்கிழக்கே கடல் சுத்துது. நடுவுல வெறும் ஓட்டை, அதைச் சுத்தி மேகம் ஓடுது. நான் அதுக்குக் கீழேயிருந்துதான் வர்றேன்."

"அது இங்கேயா வருது?"

"அதுக்கே இன்னும் தெரியாது. போகும், நிக்கும், திரும்பும். அதோட போக்கை ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கணும். நீதானே காவல்? கண்ணை எடுக்காதே."

ஆமை அலைக்குள் மறைந்தது. அலவன் நிமிர்ந்து பார்த்தான். கடலும் வானமும் தொடும் கோட்டில், அடுப்புக்கரியால் பூசியதைப் போல ஒரு சுவர் எழுந்து நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகன்றது. பிறகு முதல் காற்று வந்து அவன் ஓட்டில் அறைந்தது. அதன் பின்னாலேயே மழை. மேலிருந்து கீழே பெய்யும் மழை அல்ல அது. கடலிலிருந்து கரைக்குப் படுக்கையாகப் பாய்ந்த மழை.

அலவன் நண்டு வளைகளுக்கும் நீர்நாய்ப் பொந்துகளுக்கும் ஓடினான். "மேட்டுக்கு ஏறுங்க. கையில எதுவும் எடுக்காதீங்க. ஏறுங்க," என்று கத்தினான். நண்டுகள் ஏறின. நீர்நாய்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஏறின. நள்ளியும் வயிற்றுச் சுமையோடு மெல்ல மெல்ல ஏறினாள். மேட்டின் உச்சியில் எல்லோரும் ஒண்டி நின்றபோது, கரிய சுவர் நகர்ந்தது. ஆற்றுமுகத்தை விட்டு விலகி, கரையோரமாகவே வடக்கு நோக்கிப் போனது. மழை விட்டது. மஞ்சள் வெயில்கூட எட்டிப் பார்த்தது.

அலவனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அந்த மகிழ்ச்சியில், நிதானித்துப் பாராமல், ஒரு சொல்லைச் சொன்னான்.

"திசை மாறிடுச்சு. நமக்கு இல்லை. எல்லாரும் இறங்கி வீட்டுக்குப் போங்க."

நீர்நாய்க் குட்டிகள் மணலில் உருண்டு விளையாடிக்கொண்டே இறங்கின. நண்டுகள் தத்தம் வளைகளைத் தேடிப் போயின. நள்ளி மட்டும் நின்றாள்.

"நமக்கு இல்லேன்னா, யாருக்கு?" என்று கேட்டாள்.

"வடக்கே இருக்கறவங்களுக்கு. நரிக்கு, முயலுக்கு."

"அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

அலவன் அவள் வயிற்றைப் பார்த்தான். "உன்னை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது?"

"என்னைப் பார்த்துக்க எனக்குத் தெரியும். அவங்களைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. காவல் நீங்க. போங்க."

நள்ளி மேட்டை விட்டுத் தன் வளைக்கு இறங்கினாள். அலவன் வடக்கு நோக்கி ஓடத் தொடங்கினான். புயல் கரையோரமாகப் போனது. அவனும் கரையோரமாகப் போனான். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. நண்டுக்குக் கழுத்து இல்லை. வடக்கே ஓடினால் அவன் முகம் வடக்கே இருக்கும். புயலோ கிழக்கே இருந்தது. அதைப் பார்க்க வேண்டுமானால் நிற்க வேண்டும், உடம்பையே திருப்ப வேண்டும், பார்க்க வேண்டும், மறுபடியும் திரும்பி ஓட வேண்டும். அப்படி ஓடி, நின்று, திரும்பி, ஓடி வந்தவன், அலை அரித்திருந்த ஒரு பள்ளத்தில் தலைகுப்புற விழுந்தான். மேலே ஏறி வந்து பார்த்தபோது, கரிய சுவர் இருந்த இடத்தில் வெறும் மழைதான் இருந்தது.

புயலைத் தொலைத்துவிட்டான்.

அவன் தேடினான். கடல் முழுவதும் ஒரே சாம்பல் நிறம். காற்று நாலு பக்கமும் அடித்தது. எது புயல், எது வெறும் மழை என்று பிரிக்க முடியவில்லை. நெடுநேரம் கழித்தே அந்தச் சுவர் மறுபடி புலப்பட்டது. அவன் நினைத்ததைவிட அது அதிகத் தூரம் வடக்கே போயிருந்தது; கரைக்கும் நெருங்கியிருந்தது.

அப்போதுதான் அலவன் அந்தச் செயலைச் செய்தான். முகத்தைக் கடலுக்கு நேராகத் திருப்பினான். இனி அதைத் திருப்புவதில்லை என்று முடிவு செய்தான். எட்டுக் கால்களையும் வடக்கே வீசினான். முன்னோக்கி மடங்கிப் பழகிய கணுக்கள் பக்கவாட்டில் மடங்க மறுத்தன. ஒவ்வோர் அடியிலும் அவை நொறுங்குவதைப் போல வலித்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் வீசினான். கால்கள் மடங்கின. அவன் ஓடினான், கண் கடலில் இருக்க, உடம்பு கரையோரமாகப் பறக்க.

தாழங்காட்டின் வாசலில் நரி படுத்திருந்தது. அவன் வரும் கோலத்தைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தது. "என்ன மச்சான், கள்ளு கொஞ்சம் கூடிப் போச்சோ? வழி இந்தப் பக்கம், மூஞ்சி அந்தப் பக்கம்?"

"சிரிச்சுக்கிட்டே நட. குட்டிகளைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்கு நட."

"முதல்ல நீ நேரா நடந்து காட்டு, அப்புறம் நான் நடக்கிறேன்."

அலவன் நிற்கவில்லை. பார்வையையும் திருப்பவில்லை. "நான் கண்ணை எடுத்தா அது எங்கேன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது," என்று சொல்லிக்கொண்டே கடந்து போனான். அந்தக் குரலில் ஏதோ ஒன்று நரியின் சிரிப்பை நிறுத்தியது. அவன் பார்த்த திசையில் அதுவும் பார்த்தது. பார்த்த மாத்திரத்தில் குட்டிகளை அழைத்தது.

புல்வெளிக்கு அவன் வந்து சேர்ந்தபோது அலைகள் அவனைவிடப் பல மடங்கு உயர்ந்து வந்தன. ஓர் அலை எழும்போதெல்லாம் அதன் பின்னாலிருந்த புயல் மறைந்தது. அலவன் பார்வையை உயர்த்தினான், போதவில்லை. இன்னும் உயர்த்தினான். உடம்பு உயராதபோது கண்கள் மட்டும் உயர்ந்தன. முகத்தில் பதிந்திருந்த அந்த இரண்டு கொட்டைகளும் தண்டு விட்டு மேலே எழுந்து, அலையின் உச்சிக்கு மேலே எட்டிப் பார்த்தன. கத்திக் கத்தி அவன் வாயில் நுரை தள்ளியது. "மேட்டுக்கு" என்ற ஒரே சொல்தான் நுரைக்கு நடுவே வெளிவந்தது. முயல்கள் காதை மடக்கிக்கொண்டு மேடு நோக்கிப் பாய்ந்தன. கடைசி முயலும் ஏறிவிட்டது.

புயல் நின்றது.

கரைக்கு எதிரே கடலில் ஆடாமல் நின்றது, எதையோ மறந்துவிட்டவர் வாசலில் நிற்பதைப் போல. பிறகு அது மெல்லத் தெற்கே சாய்ந்தது. வந்த வழியே திரும்பியது. ஆற்றுமுகத்தை நோக்கித் திரும்பியது.

"எல்லாரும் இறங்கி வீட்டுக்குப் போங்க." தான் சொன்ன சொல் அலவனின் காதில் விழுந்தது. இந்நேரம் நண்டுகள் வளைக்குள் இருக்கும். நீர்நாய்க் குட்டிகள் ஆற்றில் இருக்கும். நள்ளி மணலுக்குக் கீழே, முட்டைகளோடு. தன் சொல்லை நம்பி.

"நான் வந்து சொல்ற வரைக்கும் ஒருத்தரும் இறங்காதீங்க," என்று முயல்களுக்குக் கத்தினான். பிறகு கால்களைத் தெற்கே வீசினான். உடம்பைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. முகம் கடலைப் பார்த்தபடியே இருந்தது. கால்கள் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடின. புயல் ஓடியது, அவன் அதற்கு இணையாக ஓடினான். அது வேகம் கூட்டியது, அவனும் கூட்டினான். வழியில் தாழங்காட்டு மேட்டிலிருந்து நரி குரல் கொடுத்தது. "மச்சான், மேலே வா. செத்துப் போவே." பதில் சொல்ல வேண்டிய மூச்சை அவன் காலுக்குக் கொடுத்தான்.

ஆற்றுமுகத்தை அடைந்தபோது புயலைவிட ஒரு சிறு தூரமே முன்னால் இருந்தான். மூத்த நீர்நாய் ஆற்றங்கரையில் மீன் தின்றுகொண்டிருந்தது.

"ஏறுங்க மாமா. திரும்பி வருது."

நீர்நாய் நகரவில்லை. "காலையில ஏறுன்னே. அப்புறம் இறங்குன்னே. இப்போ மறுபடி ஏறுங்கிறே. உன் பேச்சுல எதை நம்புறது?"

அலவன் அதை மறுக்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை. "இறங்கச் சொன்னது நான்தான். அது தப்பு. பார்க்காமச் சொன்னேன். இப்போ பார்த்துட்டு வந்து சொல்றேன். ஏறுங்க."

கேட்டிருப்போரே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அவன் தன் பெருமையைக் காக்க ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருந்தால், அந்த ஒரு வார்த்தை நேரத்தில் ஆற்றுமுகம் மூழ்கியிருக்கும். தவறை ஒப்புக்கொண்ட சொல்லில்தான் நீர்நாய்க்கு நம்பிக்கை பிறந்தது. அது மீனைப் போட்டுவிட்டுக் குட்டிகளைக் கவ்வியது. நண்டுகள் வளைகளிலிருந்து பொங்கி வந்தன.

நள்ளியின் வளை காற்று அள்ளி வந்த மணலில் மூடிக் கிடந்தது. அலவன் முகத்தைக் கடலை விட்டு எடுக்காமலே, கொடுக்கால் மணலை வாரி எறிந்தான். நள்ளி வெளியே வந்தாள்.

"உன்னை நான்தான் உள்ளே அனுப்பிட்டேன்," என்றான்.

"அந்தப் பேச்சு மேட்டுல பேசலாம்," என்றாள் அவள். "ஏறுங்க."

அவள் முன்னே ஏறினாள். அவன் அவளுக்கும் கடலுக்கும் நடுவே ஏறினான். கடல் பின்னாலேயே வந்தது. ஆற்றுமுகம், வளைகள், நீர்நாய்களின் பொந்துகள் எல்லாம் நுரைக்குள் போயின. ஓர் அலை மேட்டின் பாதிவரை ஏறி நள்ளியின் கால்களை இழுத்தது. அலவன் ஒரு கொடுக்கால் தாழம்வேரைப் பற்றினான், மறு கொடுக்கால் அவளைப் பற்றினான். வேர் தாங்கியது. அலை இறங்கியது.

மழை ஓய்ந்து மூன்று குடிகளும் எண்ணிப் பார்த்தபோது, வீடுகள்தான் போயிருந்தன. ஆள் ஒருவர்கூடக் குறையவில்லை. சில நாளில் நள்ளி அமைதியான நீரில் தன் முட்டைகளைத் தவழவிட்டாள். ஆமையும் திரும்பி வந்து மணலில் குழி தோண்டியது.

நரி ஒரு நாள் அலவனைத் தேடி வந்தது. "மச்சான், புயல் போயாச்சு. இனிமேலாவது நேரா நடக்கலாமே."

அலவன் முயன்று பார்த்தான். கணுக்கள் முன்பக்கம் மடங்கவில்லை. கண்களும் இறங்கவில்லை. "வராது போல," என்றான்.

நரி அவன் பார்க்கும் கடலைத் தானும் ஒருமுறை பார்த்தது. "வேண்டாம், அப்படியே இரு," என்றது. அதன் பிறகு அது நண்டைப் பார்த்துச் சிரித்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

நண்டுகள் பக்கவாட்டில் ஓடுவதும், கண்களைத் தண்டின் மேல் ஏந்தி நிற்பதும், வாயில் நுரை தள்ளுவதும் அன்று தொடங்கியவைதான். நள்ளியின் பிள்ளைகளும், அவர்களின் பிள்ளைகளும் அப்படியே பிறந்தார்கள். அதைக் கோணல் நடை என்று சொல்வோர் சொல்லட்டும். ஆபத்தை விட்டு முகம் திருப்பாமல் அடுத்தவரிடம் ஓடிச் சேர வேறு நடை இருந்தால், அவர்கள் அதை நடந்து காட்டட்டும்.

இப்போது உங்களுக்கு. கிழக்கே மேகம் திரண்டிருக்கிறது, காற்று மாறிவிட்டது, இது மார்கழி. "போன வருஷம் வரலையே, இப்பவும் வராது" என்று நீங்கள் ஆறுதல் சொல்லி அனுப்பிய ஒருவர், வாய்க்கால் ஓரத்துத் தாழ்ந்த வீட்டில் உங்கள் சொல்லை நம்பி அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார். எழுந்திருங்கள். குடை தேட வேண்டாம், மழை விடட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இன்றே, இப்போதே போய், "நான் சொன்னது தப்பு, என்னோடு மேட்டுக்கு வாருங்கள்" என்று அவர் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.