கட்டிப்பிடிக்கப் படித்த குரங்குக்குட்டி

ஓடைக்கரை நாவல் மரத்தில் செங்கமலம் என்ற மந்தி தன் குட்டி பொடியனோடு இருந்தாள். அவள் எங்கே தாவினாலும் பொடியன் அவள் வயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்குவான். குரங்குச் சாதியில் தாய் பிள்ளையைப் பிடிப்பதில்லை. பிள்ளைதான் தாயைப் பிடிக்க வேண்டும். தாவுகிறவளுக்குக் கை ஏது?

ஒருநாள் அந்தக் காட்டுக்கு ஒரு மைனா வந்து சேர்ந்தது. பட்டணத்தில் ஓர் ஆங்கிலப் பயிற்சி நிலையத்துக் கூண்டிலிருந்து தப்பி வந்ததாம். அங்கே ஒரே ஒரு பாடத்துக்குத்தான் விழித்திருந்தது போலும். அந்த ஒரு சொல்லை வைத்துப் பள்ளிக்கூடமே திறந்துவிட்டது!

"ஹக்! ஹக் என்றால் கட்டிப்பிடித்தல்! அன்புக்கும் ஹக், ஆறுதலுக்கும் ஹக். படகு கரையை ஒட்டிப் போனாலும் ஹக்! நேற்றே கட்டிப்பிடித்திருந்தால் ஹக்ட்!"

காடே வாயைப் பிளந்தது. இத்தனை காலம் பேர் தெரியாமலே செய்துவந்தோமே என்று கரடி வெட்கப்பட்டது.

பக்கத்துக் கிளை மரகதம் சும்மா இருப்பாளா? "ஏன் செங்கமலம், உன் பையன் இன்னும் அட்டை மாதிரிதான் ஒட்டிக்கிட்டுத் திரியறானா? என் மூத்தவ மைனா வாத்தியார்கிட்ட படிக்கிறா, தெரியுமில்ல!"

அன்று செங்கமலத்துக்கு ஒரு பழமும் இறங்கவில்லை. ஊரெல்லாம் படிக்க, தன் பிள்ளை மட்டும் தற்குறியாக நின்றுவிட்டால்? விடிந்ததும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

"நகம் படக்கூடாது! இறுக்கக்கூடாது!" என்றது மைனா. "லேசாக அணைத்து, முதுகில் தட்டி, 'தேங்க் யூ' சொல்லி விட்டுவிட வேண்டும். அதற்கு மேலும் பிடித்திருப்பது நாகரிகம் இல்லை!"

"விழுந்துட மாட்டானா, வாத்தியாரே?"

"அம்மா! கட்டிப்பிடிப்பதுதான் என் பாடம். விழுவது வேறு பாடம்!"

பொடியன் கெட்டிக்காரன். சீக்கிரமே வகுப்பில் முதலாவதாக வந்தான். செங்கமலம் மரகதத்தின் கிளை வழியாகவே போய்வரத் தொடங்கினாள்.

ஒரு மதியம், சிறுத்தை ஒன்று நாவல் மரத்தில் ஏறியது.

"பொடியா, பிடிச்சுக்கடா!" என்று அலறிக்கொண்டே அவள் எதிர்க்கரைப் புளியமரத்துக்குத் தாவினாள். பாதித் தாவலில் பொடியன் அவளை லேசாக அணைத்தான். முதுகில் தட்டினான். "தேங்க் யூ, அம்மா!" என்றான். விட்டுவிட்டான்.

எதிர்க்கரைத் தாழம்புதரில் போய் விழுந்தான். சிறுத்தைக்குப் படிப்பில் அக்கறை கிடையாது. அது விறுவிறுவென்று கீழே இறங்கி ஓடையைத் தாண்டியது. செங்கமலம் புளியமரத்திலிருந்து முள்ளுக்குள்ளேயே குதித்தாள்.

"இறுக்கிப் பிடிடா, எருமை!"

பயத்தில் பொடியன் படித்ததெல்லாம் பறந்துபோயிற்று. தாயின் தோலில் நகம் புதையப் பிடித்தான். அவள் புளியமரத்தில் பாய்ந்து ஏறி, சிறுத்தையின் கனம் தாங்காத நுனிக் கிளைக்குப் போய்விட்டாள். சிறுத்தையின் நகத்தில் மரப்பட்டைதான் மிஞ்சியது.

மைனா பறந்து வந்து அவள் வயிற்றுக் காயத்தைப் பார்த்தது. "அடடா! நகம் பட்டிருக்கிறது! முதல் மாணவன் இப்படிச் செய்யலாமா? இதை ஹக் என்றே சொல்ல முடியாது!"

"சொல்லவே வேணாம், வாத்தியாரே!" என்றாள் செங்கமலம், மகனின் பிடி தளராமல் பார்த்துக்கொண்டு. "கீழே சிறுத்தை சும்மாதான் உக்காந்திருக்கு. போய் அதுக்கு முறையாக் கட்டிப்பிடிக்கக் கத்துக்கொடுத்துட்டு வாங்க!"

உயிர் காக்கும் பழக்கத்தை ஊர் மெச்சும் நாகரிகத்துக்காக விட்டவர், விழுந்த பிறகுதான் அதன் அருமையை அறிவார்.