ஊற்றை மூடிய நரி

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொல்கிறேன். ஒவ்வொரு காம்பாக உருவி முடிக்க நேரமாகும். இந்தத் தெருவுக்கு நாங்கள் புதுசு. பேசிப் பழக இன்னும் ஆள் அமையவில்லை. மடியில் கிடக்கிற என் மகள் தேனருவிக்குச் சொல்கிற கதைதான். நீங்களும் கேளுங்கள்.

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது. கோடை வந்தால் அது வெறும் மணல்தான். ஆனால் ஆறு வளைகிற இடத்தில் யானை வந்து காலால் தோண்டி ஓர் ஊற்று எடுத்துவிட்டுப் போகும். காடு முழுக்க அந்த ஒரு குழியை நம்பித்தான் கோடையைத் தள்ளியது.

அந்த ஊற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. குடிக்கிறவர் குடித்து முடித்ததும், சரிந்த மணலை ஒரு தரம் அள்ளி வெளியே போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அப்போதுதான் அடுத்து வருகிறவருக்குத் தண்ணீர் ஊறி நிற்கும். அந்த அடுத்தவர் யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பன்றி அள்ளியதில் மயில் குடித்தது. மயில் கிளறியதில் முயல் குடித்தது.

ஒரு நாள் ஒரு நரி வயிறு முட்டக் குடித்துவிட்டு அப்படியே நடையைக் கட்டியது.

"நரியண்ணே, மண் அள்ளலையா?" என்று கேட்டது மயில்.

"எவனோ குடிக்க நான் ஏன் அள்ளணும்?"

"நீ குடிச்ச தண்ணிக்கு அள்ளி வச்சது யாரு?"

"யாரோ!"

"அந்த யாரோவுக்கு உன் பேர் தெரியுமா?"

"போ, போ! உன் புத்திமதியை உன் தோகையிலேயே முடிஞ்சு வச்சுக்க!"

மயில் போனதும் நரிக்கு ஒரு யோசனை வந்தது. 'இந்த ஊற்றை மூடிவிட்டால் தண்ணீர் முழுக்க எனக்குத்தானே!' பின்னங்காலால் மணலைத் தள்ளித் தள்ளிக் குழியை மூடியது. இடம் மறந்துபோகாமல் இருக்க மேலே ஒரு சருகை வைத்தது. தன் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தது.

காற்றடித்தது. சருகு பறந்தது.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் ஒரு பெண்மான் குட்டியோடு அங்கே வந்தது. அதன் காடு தீப்பிடித்து எரிந்துவிட்டது. புதுக்காட்டில் அதற்கு யாரையும் தெரியாது. குட்டியின் கால்கள் மடிந்தன.

"அம்மா, தண்ணி!"

மான் குளம்பால் மணலைக் கீறியது. குளம்பால் எவ்வளவுதான் தோண்ட முடியும்? குட்டி மணலில் சாய்ந்துவிட்டது.

அந்த வழியாக ஓர் உடும்பு வந்தது. மான் பயந்து பின்வாங்கியது.

"பயப்படாதே, தாயி! மூஞ்சிதான் இப்படி. ஆள் நல்லவன்தான்!" என்றது உடும்பு.

அது நாக்கை நீட்டி நீட்டி மணலை மோப்பம் பிடித்தது. ஓரிடத்தில் நின்றது. நகத்தால் பறபறவென்று தோண்டியது. ஈரம் வந்தது. பிறகு ஒரு வாய்த் தண்ணீர் ஊறியது. அவ்வளவுதான்.

"நீங்க குடிங்கண்ணே. தோண்டினது நீங்கதானே?" என்றது மான்.

"நான் தாங்குவேன். குட்டிக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு, பாரு. முதல்ல அது குடிக்கட்டும்!"

"எங்களை உங்களுக்குத் தெரியாதே, அண்ணே!"

"உன்னைத் தெரியாட்டி என்ன? தாகத்தைத் தெரியுதுல்ல!"

குட்டி குடித்தது. கண் திறந்தது. தண்ணீர் மறுபடி ஊறும்வரை உடும்பு காத்திருந்தது. "எனக்குத் தோண்டத் தெரியாது. நிழலாவது தர்றேன்" என்று மான் வெயிலை மறைத்து நின்றது. அந்த நிழலில் உடும்பு குடித்தது.

அப்போது புதருக்குள் சலசலப்பு. நரி!

"குட்டியைக் கூட்டிக்கிட்டு ஓடு!" என்று கத்தியது உடும்பு.

ஆனால் நரி பாயவில்லை. தள்ளாடி வந்து விழுந்தது. மூடிய இடம் தெரியாமல் காலையிலிருந்து ஆறு முழுக்கத் தோண்டியிருக்கிறது. கீழே பாறை. நகமெல்லாம் ரத்தம்.

"மூடி வச்சேன்... எனக்கே கிடைக்கலை... ஒரு வாய்..." என்று முனகியது.

உடும்புக்குக் கோபம் வந்தது. "மூடினது நீதானா? அப்படின்னா கிட!"

மானுக்கும் நெஞ்சு எரிந்தது. 'இந்த நரியால்தானே என் பிள்ளை சாகப் பார்த்தது!' ஆனால் நரியின் நாக்கைப் பார்த்தது. சற்று முன்பு குட்டியின் நாக்கும் இப்படித்தான் வெளுத்துக் கிடந்தது.

"குடிக்கட்டும் அண்ணே. நாங்க மேட்டுக்குப் போயிடறோம்" என்று குட்டியை மறைத்துக்கொண்டு கரையேறியது மான்.

உடும்பு வாலை ஓங்கிக்கொண்டு நின்றது. "குடி! குட்டி பக்கம் திரும்பினே, வாலாலேயே ஒண்ணு வைப்பேன்!"

நரி ஊர்ந்து வந்து குடித்தது. உயிர் வந்தது. எழுந்து கரையில் நின்ற குட்டியைப் பார்த்தது. மான் குட்டிக்கு முன்னால் வந்து நின்றது.

நரி தலையைக் குனிந்தது. திரும்பி, ரத்தம் கசிகிற காலாலேயே சரிந்த மணலை அள்ளி வெளியே போட்டது.

"யாருக்கு அள்ளுறே?" என்றது உடும்பு.

"யாருக்கோ" என்றது நரி.

தேனருவி தூங்கிவிட்டாள். கீரையும் முடியப்போகிறது. நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒருவருக்கு உதவ அவர் யார் என்று தெரிய வேண்டியதே இல்லை, முகம் தெரியாதவருக்காக நாம் அள்ளிப்போடுகிற ஒரு பிடி மண்தான் நாளைக்கு நமக்கே...

"ஏம்மா, புதுசா வந்த பொண்ணு! உன் பேரு தெரியலை, குழாயில தண்ணி வந்திருச்சு! வாசல்ல இருந்த உன் குடத்தையும் வரிசையில வச்சிருக்கேன், ஓடி வா!"