பெங்களூரே தலையாட்டியது

எருக்கலம்பட்டிக்காரர்களுக்கு அறிவு குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அறிவு நிறையவே இருந்தது. அதைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் கல்யாணப் பேச்சுக்கு வாய்ச்சொல் செல்லாது. பெண்ணைப் பெற்றவர், பெண்ணின் கண் பார்க்க மூன்று தடவை தலையாட்ட வேண்டும். செவத்தையாவின் மகள் காந்திமதி அந்த மூன்று ஆட்டலுக்காக இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள். அவள் விரும்பிய கௌதமன் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு ஹெவி மெட்டல் குழுவில் கிடாரும் வாசித்தான். பாட்டுக்காரனை நம்பிப் பெண்ணைக் கொடுப்பதா என்று செவத்தையாவுக்கு பயம். தப்பித்தவறி ஆடிவிடக் கூடாதே என்று, குழம்பு ருசியாக இருந்தால்கூட அவர் தலையை அசைப்பதில்லை.

"ஒரு தடவை அவரு கச்சேரிய நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்கப்பா" என்று மகள் கெஞ்சினாள். செவத்தையா கிளம்பினார். துணைக்குப் பங்காளி சங்கிலி, மச்சான் பூவலிங்கம், ஒரு தடவை மதுரை வரை போய் வந்ததால் பட்டணம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த தவசி. பஸ் ஏறும்போது காந்திமதி இரண்டே புத்தி சொன்னாள்.

"கூட்டத்துல ஒருத்தர் கைய ஒருத்தர் விட்டுடாதீங்க. என்ன செய்யணும்னு தெரியலைன்னா, அங்க எல்லாரும் செய்யிறதையே செய்ங்க."

பெங்களூரில் இறங்கியதும் கை கோத்தார்கள். மெட்ரோ ஸ்டேஷனில் ஒவ்வொருவராகத்தான் கதவு உள்ளே விட்டது. செவத்தையா உள்ளே, தவசி வெளியே, நடுவில் இருந்த இருவரும் கதவில் சிக்கிக்கொண்டார்கள்.

"கைய விடுங்க" என்று காவலாளி கத்தினார்.

"உங்க பேச்சக் கேட்டு விட்டுட்டா, எம் மகளுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் செவத்தையா. அவர் சொன்னது நியாயமாகப்பட்டதால் காவலாளி நால்வரையும் வெளியே அனுப்பினார். நடந்தே போனார்கள்.

அடுத்து அரண்மனை. அங்கே வந்தவர்கள் எல்லாம் அரண்மனைக்கு முதுகைக் காட்டி நின்று, செல்போனைத் தூக்கிப் பிடித்து அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஏன் தவசி மாமா, யாருமே திரும்பிப் பாக்கல?" என்றார் பூவலிங்கம்.

"ராஜா வீட்ட எட்டிப் பாக்குறது மரியாதையில்லப்பா" என்றார் தவசி.

நால்வரும் அரண்மனைக்கு முதுகைக் காட்டி, ஒரு மணி நேரம் எதிரே இருந்த இளநீர் வண்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்தியாகக் கிளம்பினார்கள்.

மாலையில் கச்சேரி. மைதானத்தில் பத்தாயிரம் பேர், அத்தனை பேரும் கறுப்புச் சட்டை. "எல்லாம் மலைக்கு மாலை போட்ட சாமிங்க" என்று சங்கிலி கன்னத்தில் போட்டுக்கொள்ளப் பார்த்தார். கை கோத்திருந்ததால் செவத்தையாவின் கன்னத்தில்தான் போட முடிந்தது.

மேடையில் கௌதமன் கிடாருடன் வந்து நின்றான். செவத்தையா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பெற்ற மகள் வாழ்க்கையாயிற்றே! யாரைக் கேட்பது? அடக்க மாட்டாமல் கூட்டத்தைப் பார்த்து வாய்விட்டே கத்தினார்: "ஐயாமாரே, இந்தப் பையனுக்கு எம் பொண்ணக் குடுக்கலாமா?"

அந்த நொடியில் டிரம் இடித்தது. பத்தாயிரம் தலைகளும் மேலும் கீழும் ஆடின. சும்மா ஆடவில்லை, முடி பறக்க, இடுப்பு வரை வளைந்து ஆடின.

"மச்சான்!" பூவலிங்கம் கோத்த கையை உலுக்கினார். "நம்ம ஊர்ல மூணு தடவதான கணக்கு? இவங்க நிறுத்தவே மாட்டேங்கிறாங்களே!"

"அந்தா, மாப்பிள்ளையே ஆட்டுறாரு!" என்றார் தவசி.

செவத்தையா அழுதேவிட்டார். தான் இரண்டு வருஷம் அடக்கி வைத்த தலையை அவிழ்த்துவிட்டார். எல்லாரும் செய்வதையே செய்ய வேண்டும் அல்லவா? நால்வரும் இரண்டு மணி நேரம் ஆட்டினார்கள்.

மறுநாள் காலை எருக்கலம்பட்டி பஸ் நிறுத்தத்தில் காந்திமதி காத்திருந்தாள். நால்வரும் நட்டு வைத்த கம்பம் போல இறங்கினார்கள். கழுத்து பிடித்துக்கொண்டுவிட்டது. இம்மிகூட அசையவில்லை.

"என்னப்பா முடிவு?"

"சம்மதம் தாயி! பரிபூரண சம்மதம்!"

"அப்ப தலையாட்டுங்க."

செவத்தையா பல்லைக் கடித்து முயன்றார். கண்தான் பிதுங்கியது. தலை ஆடவில்லை. காந்திமதிக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் கூடிவிட்டது, வழக்கத்தை விட்டுக்கொடுக்க யாரும் தயாரில்லை. நால்வரும் அங்கேயே நின்று ஆலோசித்தார்கள்.

"கழுத்து சரியாக மாசமாகுமே" என்றார் சங்கிலி.

"பொண்ணு பாக்கணும், தல மேலயும் கீழயும் போகணும். அம்புட்டுத்தான வழக்கம்?" என்றார் தவசி. "அவரால அசைய முடியலைன்னா போகட்டும். நீ குதிம்மா! குதிச்சுக்கிட்டே அப்பாவப் பாரு."

காந்திமதி குதித்தாள். அவள் மேலே போனபோது அப்பாவின் தலை கீழே போனது. அவள் கீழே வந்தபோது தலை மேலே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று! ஊர் கைதட்டியது. மூன்று முடிந்தும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, குதித்துக்கொண்டே இருந்தாள்.

பூவலிங்கம் பதறிப்போனார். "மெதுவாக் குதி தாயி, அப்பாவுக்குக் கழுத்து வலிக்குமில்ல!"