எதிர்வீட்டு மூச்சு

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தாறு.

தணிகாசலத்துக்கு இரத்த அழுத்தம் இறங்க மறுத்தது. தூக்கத்தில் மூச்சு வேறு நின்று நின்று வந்தது. மருத்துவர் அவரை, உடற்பயிற்சி சொல்லித்தரும் அருள்மொழியிடம் அனுப்பினார்.

அவள் கொடுத்தது எளிய பயிற்சி. நாற்காலியிலிருந்து மெல்ல எழும்போது மூச்சை விட வேண்டும். உட்காரும்போது இழுக்க வேண்டும். தினமும் காலையில் இருபது மூச்சு. மாத்திரையும், மூச்சு நிற்காமலிருக்க இரவில் முகத்தில் போடும் குழாய் வைத்த மாஸ்க்கும் தொடர வேண்டும்.

"மூச்சு முட்டுச்சுன்னா நிறுத்திடுங்க, சார்."

எதிர்வீட்டு ஞானதுரைக்கும் அவள்தான் குரு. அவருக்கு அழுத்தம் மட்டும்தான். இரண்டே மாதத்தில் மருத்துவர் அவருக்கு ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டார். அதைக் கேட்ட அன்று தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது, சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை மனைவி செண்பகத்தோடு வந்தார். அருள்மொழி அவர் கையில் அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். அழுத்தம் கூடியிருந்தது.

"அவருக்கு மட்டும் வேற ஏதோ சொல்லிக் குடுத்திருக்கீங்க, டீச்சர்."

"அதே நாற்காலிதான் சார். இன்னைக்கு எத்தனை மூச்சு?"

"அவர் இருபத்திரண்டு. பால்கனியில நின்னு எண்ணினேன். அதனால நான் நாற்பது."

"முட்டலையா?"

"முட்டுச்சு. அவர் நிறுத்தலையே."

"ராத்திரி மாஸ்க்?"

"அவருக்கு இல்லையே. எனக்கு மட்டும் எதுக்கு தும்பிக்கை?"

செண்பகம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அருள்மொழி அவளிடம் கேட்டாள். "நேத்து இவருக்கு எத்தனை தடவை மூச்சு நின்னுச்சு, அக்கா?"

"எழுபத்துமூணு. ஒரு தடவை ரொம்ப நேரம் வரல. உலுக்கி எழுப்பினேன்."

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். "நீ எண்ணினியா?"

"மாஸ்க்கைக் கழட்டின நாள்லேர்ந்து."

அருள்மொழி பட்டையை அவர் கையிலிருந்து கழற்றினாள். நாற்காலியை நகர்த்திப் போட்டுச் செண்பகத்தை உட்கார வைத்தாள். அவள் கையில் சுற்றினாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லையே, டீச்சர்."

"எதிர்வீட்டு மூச்சை நீங்க எண்ணுறீங்க. உங்க மூச்சை அக்கா எண்ணுறாங்க. அக்கா எப்ப சார் தூங்குறது?"

கருவி உறுமியது; அதில் எண் ஏறத் தொடங்கியது. அது நிற்கும்வரை தணிகாசலம் செண்பகத்தை விட்டு வேறெங்கும் பார்க்கவில்லை.